உதவித்தொகையை ஓய்வுக்காலக் கணக்கில் போடலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஃபெலோஷிப்பில் பிஎச்.டி. செய்கிறாள். மகனும் அங்கேயே இளங்கலை படிக்கிறான், ஸ்காலர்ஷிப் உண்டு. இருவரும் ரோத் ஐ.ஆர்.ஏ. என்ற அமெரிக்க ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போடலாமா? பச்சைத் தேயிலைக் காசில் நாங்கள் அனுப்புவதைப் போட்டால் தப்பா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மகள் போடலாம். மகன் ஸ்காலர்ஷிப்பை மட்டும் காட்டிப் போட முடியாது.

இந்தக் கணக்கில் போட உழைப்பு வருமானம் வேண்டும். டபிள்யூ-2 (வேலை தருபவர் கொடுக்கும் ஆண்டுச் சம்பளப் படிவம்) வழியே சம்பளமாக வராத ஃபெலோஷிப்பை 2019 வரை அப்படி ஏற்கவில்லை. செக்யூர் என்ற அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்புச் சட்டம் 2020 முதல் அதை மாற்றியது. முதுகலை, பிஎச்.டி., அதற்குப் பிந்தைய ஆய்வுக்காகக் கைக்கு வந்து, வரிக்குரிய வருமானத்தில் சேரும் தொகை இப்போது செல்லும். கல்விக் கட்டணத்தில் கழிந்துபோகும் பகுதிக்கு வரி இல்லை, அதனால் அது சேராது. இளங்கலை மாணவரின் விடுதி, சாப்பாட்டு ஸ்காலர்ஷிப்புக்கு வரி உண்டு, ஆனாலும் சேராது. (வரியை மட்டும் விடமாட்டார்கள்!) மகன் கேன்டீனில் வேலை பார்த்து 3,000 டாலர் சம்பளம் வாங்கினால், அந்த 3,000 வரை போடலாம்.

50 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உச்சவரம்பு 2025-க்கு 7,000 டாலர், 2026-க்கு 7,500. தகுதியான வருமானம் அதைவிடக் குறைவென்றால் அதுவே வரம்பு.

தேயிலைக் காசு தப்பில்லை. வரம்பைத் தீர்மானிப்பது மகளின் வருமானம்தான். கணக்கில் விழும் டாலர் யாருடையது என்று பார்ப்பதில்லை. ஃபெலோஷிப்பை வாடகைக்கு வைத்துக்கொண்டு நீங்கள் அனுப்பியதைப் போடலாம்.

சறுக்கல் வேறு இடங்களில். வளாகத்தில் வேலை இல்லாமல் ஃபெலோஷிப் மட்டும் இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது, வரிக்கணக்குக்கான ஐ.டி.ஐ.என். எண் மட்டுமே. அதை வைத்துக் கணக்குத் திறக்காத நிறுவனங்களும் உண்டு, முதலில் கேட்டுவிடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் 15 வரை போடும் பணம் முந்தைய ஆண்டுக்கா, நடப்பு ஆண்டுக்கா என்று குறிப்பிடாவிட்டால் நடப்பு ஆண்டில் விழுந்துவிடலாம். வரம்பை மீறினால், மிகைத்தொகை கணக்கில் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 6% அபராதம். வரிக்கணக்குக் கெடுவுக்குள் அதன் ஈட்டத்தோடு எடுத்துவிட்டால் தப்பிக்கலாம். ஃபெலோஷிப் தொகையும் நோக்கமும் எழுதிய பல்கலைக்கழகத் துறைக் கடிதத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். டபிள்யூ-2 இல்லாதவருக்கு அதுதான் ஆதாரம்.

ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் சாதாரண ஐ.ஆர்.ஏ.-வைவிட ரோத்தான் மேல். போட்ட அசலை எப்போது எடுத்தாலும் அமெரிக்க வரி இல்லை. ஈட்டத்தை 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியோடு 10% அபராதமும் உண்டு.

கேள்வி: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் ரூ.37,000 வருகிறது. சம்பளச் சீட்டு இல்லாமல் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குத் தொடங்க முடியுமா?
- ஆய்வு மாணவி, கொடைக்கானல்

பதில்: முடியும். பி.பி.எஃப்.-க்குச் சம்பளம் நிபந்தனையே அல்ல. தபால் நிலையத்திலோ வங்கியிலோ ஆண்டுக்கு ரூ.500 முதல் ரூ.1.5 லட்சம் வரை போடலாம். மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி. ஃபெலோஷிப் சில மாதம் தாமதித்து மொத்தமாக வருவதுண்டு. அதனால் மாதத் தவணை வைத்துக்கொள்ளாமல், ஏப்ரலிலேயே ரூ.500 போட்டுவிட்டு மற்றதைப் பணம் வரும்போது போடுங்கள். ஓர் ஆண்டு விட்டுப்போனால் ரூ.50 அபராதத்தோடு அந்த ஆண்டின் ரூ.500-ஐயும் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.