முஷ்டியா, உள்ளங்கையா?

கேள்வி: எனக்கு 26 வயது. புதுச்சேரி நேரு வீதியில் துணிக்கடை வேலை. இரவில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடுவரை தனியாக நடக்கிறேன். அதனால் தற்காப்பு வகுப்பில் சேர்ந்தேன். அங்கே முஷ்டியால் குத்தச் சொல்கிறார்கள். மண் மூட்டையில் குத்திப் பழகியதிலிருந்து வலது கையில் சுண்டுவிரல் பக்கம் வலி. விரித்த கையால் அடிப்பதே நல்லது என்கிறாள் தோழி. எது சரி?

பதில்: முதலில் அந்த வலியைப் பார்ப்போம். முஷ்டி பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் முட்டி மட்டும் எழும்பாமல் அமுங்கியிருந்தாலோ, மடக்கும்போது அந்த விரல் மோதிர விரல்மேல் ஏறினாலோ, எலும்பு முறிந்திருக்கலாம். இந்த அடையாளங்கள் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், முறிந்த எலும்பு விலகிவிடும். மோதிரம் போட்டிருந்தால் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றுங்கள்.

ஆள்காட்டி விரல், நடுவிரலுக்கு நேரே உள்ளங்கைக்குள் ஓடும் எலும்புகள் மணிக்கட்டோடு இறுகியிருக்கும். மோதிர விரல், சுண்டுவிரலுக்கானவை ஆடும். கையை வீசிக் குத்தினால் விசை ஆடுகிற பக்கம் இறங்கி, சுண்டுவிரலுக்கான எலும்பு அதன் கழுத்தில், அதாவது முட்டிக்குச் சற்றுக் கீழே, முறியும். முஷ்டிக்குள் கட்டைவிரலை மடக்கி வைப்பவர்களுக்குக் கட்டைவிரல் போகும். எதிராளியின் நெற்றி எலும்போ கனமானது. அதில் பட்டால் முறிவது உங்கள் கைதான்.

முகத்தில் குத்துவதில் இதைவிட எனக்குக் கவலை தருவது பல். முஷ்டி பல்லில் பட்டால் முட்டிமேல் அரை சென்டிமீட்டர் கீறல்தான் தெரியும். ஆனால் விரல் மடங்கியிருக்கும்போது தோல், தசைநார், மூட்டு உறை மூன்றையும் பல் ஒரே நேர்கோட்டில் துளைத்திருக்கும். விரலை நீட்டியதும் தசைநார் பின்னே நகர்ந்து துளையை மூடிவிடும். வாய்க் கிருமிகள் மூட்டுக்குள் அடைபட்டு, ஓரிரு நாளில் சீழ் பிடித்து மூட்டையே அரித்துவிடும். எனவே அன்றைக்கே குழாய்த் தண்ணீரில் 10 நிமிடம் கழுவிவிட்டு, அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போங்கள். பல் பட்டது என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். இந்தக் காயத்தைத் தைத்து மூடக் கூடாது. ஆன்டிபயாட்டிக், டி.டி. ஊசி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி விவரம் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே தலைக்கும் முகத்துக்கும் உள்ளங்கைதான். விரித்த கை என்றதும் கன்னத்தில் அறைவதை நினைக்காதீர்கள். அறைந்தால் விரல்நுனி மாட்டி மடங்கும், விசையும் குறைவு. சப்பாத்தி மாவை அழுத்திப் பிசைவீர்களே, மணிக்கட்டை ஒட்டிய அந்தச் சதைமேடு, அதுதான் அடிக்கும் இடம். விரல்களைச் சேர்த்து நுனியை லேசாக உள்ளே வளையுங்கள். கட்டைவிரல் பக்கவாட்டில் ஒட்டியிருக்கட்டும். மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கி, ஒரு காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி, தாடைக்கோ மூக்குக்கோ கீழிருந்து மேலாகத் தள்ளி அடியுங்கள். படும் நேரத்தில் முழங்கை சற்று மடங்கியே இருக்க வேண்டும், விறைத்து நீட்டினால் மூட்டு அடிவாங்கும். மணிக்கட்டில் பழைய முறிவு இருப்பவர்களுக்கு இந்த அடியும் ஆகாது, முழங்கையால் இடிக்கலாம்.

முஷ்டியை அறவே விட வேண்டாம். விலா எலும்புக்குக் கீழே வயிறு போன்ற மெத்தென்ற இடத்தில் குத்தலாம், மணிக்கட்டு நேராகவும், முதல் இரண்டு முட்டிகள் படும்படியும். உலக்கை போல் மேலிருந்து இறக்கி, முஷ்டியின் சுண்டுவிரல் பக்கச் சதையால் அடிப்பதும் எலும்புக்குப் பாதுகாப்பானது.

எப்படி அடித்தாலும் கிடைப்பது நீங்கள் ஓடுவதற்கான இரண்டு விநாடிதான். நின்று பார்க்காமல் வெளிச்சமுள்ள கடைப்பக்கம் ஓடி 112-ஐ அழையுங்கள்.

எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தால் பெரும்பாலும் 3 முதல் 4 வாரம் கட்டு. முறிவு இல்லையென்றாலும் வலி முழுக்கப் போகும்வரை மண் மூட்டையைத் தொடாதீர்கள். அதன்பின் சுவரில் சாய்த்த தலையணையில், கைக்குப் பத்து அடி, அரை வேகத்தில் ஆரம்பியுங்கள்.