கொழும்பில் நல்ல தேயிலை மலிவாக எங்கே கிடைக்கும்?

டீ பேக் அலுத்துவிட்டது, சுப்பர் மார்க்கெட்டில் அழகான டின்னில் இருக்கும் இலைத் தேயிலை கட்டுப்படியாகவில்லை, வேறு எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பதினொரு வருடமாகக் கொட்டாஞ்சேனையில் இருப்பவன். அம்மா கொழுந்து எடுத்தவர். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விலை. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. 2020இல் கொரோனா வந்தபோது இணையத்துக்குப் போனது. பதிவு செய்தவர்கள்தான் அதில் வாங்கலாம், நமக்கு அங்கே வேலையில்லை. ஆனால் தரகு நிறுவனங்கள் வாராவாரம் ஏல விலைகளை இணையத்தில் போடுகின்றன, யாரும் பார்க்கலாம். 2024இல் சராசரி கிலோவுக்கு 1,200 ரூபாயைச் சுற்றி இருந்தது. இது தெரிந்திருந்தால் நூறு கிராமை ஆயிரத்துக்கு மேல் விற்பவரிடமும் ஏமாற மாட்டீர்கள், கிலோவை அறுநூறுக்குத் தருகிறேன் என்பவரிடமும் ஏமாற மாட்டீர்கள். முதலாமவர் பெரும்பாலும் டின்னுக்குத்தான் காசு வாங்குகிறார். இரண்டாமவரின் மூட்டையில் கழிவுத் தேயிலை கலந்திருக்கலாம்.

அப்புறம் பெக்கட்டில் போட்டிருக்கும் அந்த எழுத்துகள். ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் எல்லாம் சல்லடையில் பிரித்த அளவின் பெயர்கள். ஓ.பி. நீளமாகச் சுருண்ட இலை, பி.ஓ.பி. அதன் உடைந்த துண்டு, பி.ஓ.பி.எஃப். அதைவிடச் சின்னது, டஸ்ட் பொடி. நல்ல தோட்டத்து டஸ்ட், மோசமான ஓ.பி.யைவிட எவ்வளவோ மேல். இது தெரிந்தும் ஒருமுறை முதல் சம்பள உற்சாகத்தில், பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று, தெற்குத் தாழ்நிலத்தில் விளையும் ருகுணு ஓ.பி. வாங்கி ஊருக்குக் கொண்டு போனேன். அம்மா பால் ஊற்றிக் கலக்கிவிட்டு, கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னடா இது, சாயமே இறங்கல? சருகைக் காசு கொடுத்தா வாங்கின?" தப்பு தேயிலையில் இல்லை. பெரிய இலை பால் இல்லாமல், நாலைந்து நிமிடம் ஊறவிட்டுக் குடிப்பதற்கு. பால் தேத்தண்ணிக்கு பி.ஓ.பி.எஃப். அல்லது டஸ்ட்தான் சரி, குறைந்த தூளில் நிறையக் கோப்பையும் தேறும். பிளேன்டீக்கு என் கட்சி, எங்கள் தலவாக்கலைப் பக்கத்துத் திம்புள்ள பி.ஓ.பி.

வாங்குமிடம் என்றால் புறக்கோட்டை. மூட்டையைத் திறந்து வைத்து நிறுத்துத் தரும் கடைகள் அங்கே உண்டு. நான் போகும் கடை முதலாளி ஒரு பிடி தூளை அள்ளி என் உள்ளங்கையில் போடுவார். அழுத்திப் பிடித்துவிட்டு விரலைத் திறந்தால் தூள் மெல்ல விரிய வேண்டும். நொறுங்கினால் பழசாக இருக்கலாம். பிறகு வாயால் சூடாக ஊதி, உடனே மூக்கருகே கொண்டு போய் முகர வேண்டும். நிறம் கறுப்பாக இருக்கட்டும். சாம்பல் பூத்திருந்தாலோ, சிவந்த நார் நிறையக் கிடந்தாலோ வேண்டாம். சாயம் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நனைத்த வெள்ளை டிசுவில் கொஞ்சம் தூவிப் பாருங்கள். அதிலோ பச்சைத் தண்ணீரிலோ போட்ட உடனே நிறம் ஓடினால் அந்தக் கடைப் பக்கம் மறுபடி போகாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள்: மூட்டை எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? தேயிலை கண்ட வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஒரு கடையில், பெயர் வேண்டாம், பெருஞ்சீரகத்துக்குப் பக்கத்தில் இருந்த மூட்டையிலிருந்து ஒரு கிலோ வாங்கிவிட்டு இரண்டு மாதம் ரசம் மாதிரி ஒன்றைக் குடித்தேன். அதனால் முதல் தடவை 250 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். கொழும்புப் புழுக்கத்துக்கு அதுதான் நல்லதும்கூட.

பெக்கட்டில்தான் வாங்குவேன் என்றால் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்பதற்கு அது அடையாளம். சாதாரணக் காகிதப் பெட்டியில் வரும் பி.ஓ.பி.எஃப். டின்னைவிட நிறையவே மலிவு, குடிக்கவும் குறையில்லை.

இதையெல்லாம்விட மலிவான வழி, உங்கள் ஒஃபிசிலோ தெருக் கடையிலோ வேலை செய்யும் ஹட்டன், பதுளைப் பிள்ளைகள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போவார்கள். முன்கூட்டியே காசைக் கொடுத்து, தோட்டத்து விற்பனை நிலையத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள். பொங்கலுக்குச் சொல்வதைவிட சித்திரை வருடப்பிறப்புக்குச் சொன்னால் இன்னும் நல்லது. திம்புள்ளையில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல பருவம், அந்தத் தூள் அப்போது கைக்கு வந்திருக்கும். பதுளைப் பக்கத்து ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை, காற்றுக் காலம். அதைத் தீபாவளிக்குச் சொல்லி வையுங்கள்.