வாசகர் கேள்விகள்: டவரைத் தூக்கிவிட்டு மினி வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். பன்னிரண்டு வயதான டவர் கணினி ஒன்று மேசைக்கடியில் காலை இடித்துக்கொண்டு கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு உள்ளங்கை அளவுக்கு வருகிறதே, அந்த மினி பிசி ஒன்றை வைக்கலாம் என்று ஆசை. மகனோ, "அதெல்லாம் பொம்மை, பேசாமல் லேப்டாப் வாங்கம்மா" என்கிறான். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

பதில்: பொம்மை இல்லை என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். இந்தப் பதிலையே மினியில்தான் தட்டுகிறேன். மானிட்டரின் முதுகில் நான்கு திருகில் தொங்கிக்கொண்டு ஆறாவது வருடமாக ஓடுகிறது. என் மேசையில் கணினி இருப்பதே புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது.

அது என்ன பொருள் என்று புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பெரும்பாலான மினிகள் திரை, கீபோர்டு, பேட்டரி மூன்றையும் கழற்றிவிட்ட லேப்டாப்தான். உள்ளே இருக்கும் சிப், மெமரி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி எல்லாம் லேப்டாப் வகை. 2005-ல் ஆப்பிள் முதல் மேக் மினியை விற்றபோது 16.5 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம், 1.3 கிலோதான் எடை. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எதுவும் கூட வராது, உங்களுடையதைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். (அதைத் திறப்பதற்கு, பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகடுதான் கருவி. நம்ப மாட்டீர்கள், உண்மை.) மற்றவர்களும் அந்த வழியில்தான் வந்தார்கள்.

மகன் சொல்லும் லேப்டாப்புக்கு வருவோம். ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கிறவராக இருந்தால் அவர் சொல்வதே சரி. நீங்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கிறவர். குனிந்து சின்னத் திரையைப் பார்ப்பதைவிட, கண் மட்டத்தில் பெரிய மானிட்டர் வைத்து நிமிர்ந்து உட்காருவது கழுத்துக்கு நல்லது. மெய்ப்புத் திருத்தத்துக்கு மூலமும் பிரதியும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். அநேக மினிகளில் இரண்டு மானிட்டர் இணைக்கலாம். கீபோர்டில் ஒரு விசை தேய்ந்தால் கீபோர்டை மட்டும் மாற்றினால் போதும். லேப்டாப்பில் அதற்கே பாதி உடம்பைப் பிரிக்க வேண்டும்.

மின்சாரத்திலும் வித்தியாசம் தெரியும். பிளக்கில் அளவுமானி செருகிப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது என் மினி 8 வாட், ஏதாவது எழுதிக்கொண்டு பிரவுசரும் திறந்திருந்தால் 12, 13. முன்பிருந்த டவர் சும்மா இருக்கும்போதே 55. தினம் பத்து மணி நேரம் என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 45 யூனிட் எங்கே, 200 யூனிட் எங்கே!

இனி கெட்டது. முதலும் முக்கியமும் சூடு. இடம் குறைவு என்பதால் உள்ளே இருக்கும் ஃபேனும் சிறியது. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றித் தள்ளும் காற்றை இது வேகமாகச் சுற்றித்தான் தள்ள முடியும். அதனால் சத்தம் "உஸ்" என்று இல்லாமல் கொசு காதருகே பறப்பதுபோல் வரும். என் முதல் மினி அப்படித்தான். ஒரு நீளமான வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றக் கொடுத்தேன். முதல் ஐந்து நிமிடம் பிரமாதமான வேகம். அப்புறம் சிப் 100 டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அரை மணியில் முடியும் என்று கணித்த வேலை ஒரு மணி தாண்டியது. விமர்சனங்கள் படிக்கும்போது முதல் நிமிட வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இருபது நிமிடம் தொடர்ந்து ஓடிய பிறகு வேகம் என்ன, சத்தம் எவ்வளவு என்று யார் எழுதியிருக்கிறார்களோ அவர்களை மட்டும் படியுங்கள். எழுத்து வேலைக்கு அந்தச் சூடு வரவே வராது என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் தானாகச் சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறை, வாங்கியபின் அது பெரிதாக வளராது. டவரில் இன்றைக்கு ஒன்று, அடுத்த வருடம் ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகலாம். மினியில் மாற்ற முடிவது பெரும்பாலும் மெமரியும் எஸ்எஸ்டியும் மட்டும். அதுகூட எல்லாவற்றிலும் இல்லை. சிலவற்றில் மெமரியை மதர்போர்டு என்ற தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். ஆகவே 16 ஜிபி மெமரி, 512 ஜிபி எஸ்எஸ்டி என்று முதல் நாளே போட்டு வாங்கிவிடுங்கள். 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டிக்குப் பதில் வரும் மலிவான, மெதுவான சேமிப்பு) என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே அதுதான், உங்கள் கோப்புகளை எங்கே வைப்பீர்கள்? இன்டெல் 'என்100' சிப் போட்டவை நிறைய வருகின்றன. நான்கு சிறிய கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்), பெயரளவு மின் அளவு 6 வாட். எழுத்து, மின்னஞ்சல், பிரவுசர், வீடியோ பார்ப்பது எல்லாவற்றுக்கும் தாராளம். ஆனால் நாற்பது டேப் திறந்துவைத்து, மொழிபெயர்ப்பு மென்பொருளும் ஓடி, கூடவே காணொலி அழைப்பும் வந்தால் மூச்சு வாங்கும். உங்கள் வேலைக்கு அதற்கு ஒரு படி மேலே உள்ள சிப்பைப் பாருங்கள் என்பேன்.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் பிறகு எரிச்சல் தரும். பெட்டி சிறியது, ஆனால் அதன் அடாப்டர் பல நேரம் செங்கல்போல் கீழே கிடக்கும். சில மினிகளுக்கு 12 வோல்ட், சிலவற்றுக்கு 19, பிளக் மட்டும் ஒரே மாதிரி. அவசரத்தில் மாற்றிச் செருகி ஒன்றைக் கொன்ற பாவி நான். அன்றிலிருந்து ஒவ்வொரு அடாப்டரிலும் மார்க்கரால் பெரிதாக எழுதிவைக்கிறேன். பேட்டரி கிடையாது என்பதால் மின்சாரம் போன நொடியில் திருத்திய பக்கமும் போய்விடும். ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். மினி கேட்பதே கொஞ்சம் என்பதால் டவரைத் தாங்கியதைவிட அதிக நேரம் தாங்கும். மானிட்டருக்குப் பின்னால் மாட்டுவதாக இருந்தால், அங்கே 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு துளைகள் இருக்கின்றனவா, அவற்றை மானிட்டரின் காலே பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மாட்டியபின் பவர் பொத்தானைத் தேடிக் கை தடவ வேண்டியிருக்கும். மின்சாரம் வந்ததும் தானாக எழுந்துகொள்ளும்படி, விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் ஒரு அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிட்டால் சுவிட்ச்போர்டிலிருந்தே எழுப்பலாம். பொத்தான் விஷயத்தில் பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. 2024-ல் வந்த மேக் மினிக்குப் பொத்தான் அடிப்பக்கத்தில்!

கேள்வி: மகள் கல்லூரிக்குப் போகிறாள். இப்போதைக்கு மினி வாங்கிக் கொடுத்துவிட்டு, பின்னால் விளையாட்டுகளுக்காகக் கிராபிக்ஸ் கார்டு சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கார்டை வெளியே ஒரு பெட்டியில் வைத்துக் கேபிளால் இணைக்கும் வழி சில மினிகளில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியும் அதன் பவர் சப்ளையும் சேர்ந்தால் மேசையில் ஒரு டவர் குடியேறிவிடும். பிறகெதற்கு மினி? 17 சென்டிமீட்டர் சதுரத்தில் மினி-ஐடிஎக்ஸ் என்ற சிறிய மதர்போர்டு உண்டு. அதைச் சிறிய பெட்டியில் போட்டால் சாதாரண கார்டையே செருகலாம். கார்டு இல்லாமல் லேசான விளையாட்டுகள் போதும் என்றால், மெமரியை ஒரே துண்டாகப் போடாமல் இரண்டு துண்டாகப் போட்டு வாங்குங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் அந்த மெமரியைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, இரண்டு வழியாக எடுத்தால் நன்றாகவே வேகம் கூடும்.

கேள்வி: போன மாதம் மினி வாங்கினேன். வெளியே ஹார்ட் டிஸ்க் செருகினால் வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்திப் போகிறது. எடுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது. மவுஸைத் திருப்பிக் கொடுக்கலாமா சார்?

பதில்: மவுஸ் பாவம், அதன்மேல் தப்பில்லை. யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சல், மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் போய் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை விளக்கி ஓர் ஆவணம் வெளியிட்டது. டவரில் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் செருகியதால் உங்களுக்கு இது தெரிந்திருக்காது. மினியில் இரண்டும் விரல் இடைவெளியில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். மவுஸின் ரிசீவரை ஒரு சிறிய யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் செருகி, கீபோர்டு பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். வைஃபையும் இதே அலையில் இருந்து தடுமாறினால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அலுவலகங்களில் கழித்துக் கட்டிய மினிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே, நம்பி வாங்கலாமா?

பதில்: நான் பயன்படுத்துவதே அப்படி ஒன்றுதான். லெனோவோ 'டைனி', டெல் 'மைக்ரோ', எச்பி 'மினி' என்று ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளளவில் வருபவை. பெயர் தெரியாத புதியதைவிட இவற்றைப் பிரித்து மூடுவது எளிது, பாகங்களும் கிடைக்கும். இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ பாருங்கள். அதற்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்காது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

காசு கொடுக்குமுன் ஆன் செய்து பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். பழைய அலுவலகம் போட்ட கடவுச்சொல் குறுக்கே நின்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். அடாப்டர் அதே நிறுவனத்தினுடையதா என்றும் கேளுங்கள். அடையாளம் தெரியாத அடாப்டர் என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பெட்டிகள் உண்டு. எஸ்எஸ்டி மாற்றுவதாக இருந்தால், அதைச் செருகும் எம்.2 பள்ளம் வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, பழைய சாட்டா வகையை மட்டுமா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், செருகினால் உட்காரவும் செய்யலாம், ஆனால் கணினியின் கண்ணுக்கு அது தெரியாது. என் மேசை இழுப்பறையில் அப்படி வாங்கிய ஒன்று இன்னும் உறையோடு கிடக்கிறது.