“அது வேலை இல்லியா டீச்சர்?”

அன்புள்ள அக்கா,

கருங்கல் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கில வழிப் பிரிவுக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ‘வொர்க்’ பாடம். எவ்வளவு விசை கொடுத்தாலும் பொருள் நகரவில்லை என்றால் செய்த வேலை பூஜ்ஜியம் என்று ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னேன், எல்லாரும் தலையாட்டினார்கள். தமிழில் சொன்னதும் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, “எங்க அம்மை மீன் கூடையைத் தலையில வச்சிட்டு பஸ்ஸுக்கு ஒரு மணிக்கூர் நிக்கா, அது வேலை இல்லியா டீச்சர்?” என்றாள். வகுப்பே விழித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வராந்தாவில் வந்துவிட்டார். அப்புறம் அறைக்குக் கூப்பிட்டு, இங்கிலீஷ் மீடியம் என்று சேர்த்துவிட்டுத் தமிழில் நடத்தினால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான் செய்தது தப்பா? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள டீச்சர்,

தப்பில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளை. வரையறையைக் கேட்டவுடன் அதைத் தன் அம்மையின் தலையில் ஏற்றிப் பார்த்திருக்கிறாள். இதையே ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அவள் மனதுக்குள் வாக்கியம் கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்திருக்கும், அதோடு கேள்வியும் போயிருக்கும். பதில் சொன்னீர்களா? நிற்கும்போது மட்டுமில்லை, சமதளச் சாலையில் நடக்கும்போதுகூடக் கூடையைத் தாங்கும் விசை மேல்நோக்கி இருக்கிறது, நகர்வு முன்னோக்கி, ஆகவே அந்த விசை செய்யும் வேலை பூஜ்ஜியம்தான். தரையிலிருந்து தலைக்குத் தூக்கியபோது செய்ததுதான் கணக்கு. நிற்கிற நேரமெல்லாம் தசைகள் செலவழிக்கும் ஆற்றல் உடம்புக்குள்ளேயே சூடாகிப் போகிறது, கூடைக்குப் போய்ச் சேர்வதில்லை. அம்மையின் கழுத்துவலி பொய் என்று பாடம் சொல்லவில்லை, அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு நடந்தது இதற்கு நேர்எதிர். பத்தாவது வரை தமிழ் வழி, பதினொன்றில் ஆங்கில வழி. முடுக்கம் கணக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். புது வகுப்பில் சார் ‘ஆக்சிலரேஷன்’ என்று ஆரம்பித்தார், பைக்கில் முறுக்குகிற ஆக்சிலேட்டர் சமாச்சாரம் போல என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது அந்தப் பழைய முடுக்கமேதான் என்று தெரிய ஒன்றரை மாதம் ஆனது, அதுவும் விடுதியில் ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான். அந்த சார் நல்ல ஆசிரியர், கண்டிப்பாக ஆங்கிலத்திலேயே நடத்துகிறவர் என்று பெயர் வேறு. அந்த ஒரு சொல்லை ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

அதற்காகத் தமிழில் சொன்னால் எல்லாம் தானாகப் புரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ‘நாளை காலை 9 மணி முதல் மின்தடை’ என்று பேப்பரில் வந்தால் கரண்ட் கட். பாடப்புத்தகத்தில் மின்தடை என்றால் ஓம் கணக்கில் அளக்கிற வேறு சங்கதி. இந்த இடத்தில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதுதான் பிள்ளையைக் காப்பாற்றும். அப்புறம் நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி பக்கம் இருந்தது. விளவங்கோடு பக்கம் இன்றும் வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைகள் உண்டு, அவர்களுக்குப் புத்தகத் தமிழும் இன்னொரு பாடமாகத்தான் இருக்கும். “மனசிலாச்சா?” என்று கேட்டால் மட்டும் இரண்டு தரப்பும் ஒன்றாகத் தலையாட்டும்.

சரி, விடுபட்ட விஷயம். தமிழில் பேசி முடித்தபின் ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தீர்களா? என் ஊகம், மணி அடித்தது, புத்தகத்தில் நாலு வரி அடிக்கோடு போடச் சொன்னீர்கள். பெரும்பாலான ஆங்கில வழி வகுப்புகளில் இதுதான் நடக்கிறது: பேச்சு முழுக்கத் தமிழ், எழுத்து முழுக்க கைடில் பார்த்த ஆங்கிலம், இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்ப்பதே இல்லை. பரீட்சை ஆங்கிலத்தில் வருகிறது, பிள்ளை மனப்பாடத்துக்குப் போகிறது. தலைமையாசிரியர் திட்டிய விதம் சரியில்லை, ஆனால் அவருடைய பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் இப்படி இரண்டு மொழியையும் முகம் பார்க்க வைப்பதையே ஒரு பாடமுறையாக எடுத்துக்கொண்டார். 1994-இல் தன் ஆய்வில் ‘ட்ரௌஸ்யெய்தி’ என்று அதற்கு வெல்ஷ் மொழியில் பெயரும் வைத்தார். ஆங்கிலத்தில் வாசி, வெல்ஷில் எழுது. இன்னொரு நாள் மாற்றிச் செய். ஒரு மொழியில் வாசித்ததை இன்னொரு மொழியில் எழுத வேண்டும் என்றால் காப்பி அடிக்க வழியே இல்லை, புரிந்தால்தான் கை ஓடும். நம் தேசியக் கல்விக் கொள்கையும் 2020-இல் இருமொழியில் கற்பிக்கலாம் என்றுதான் சொல்கிறது, ஆனால் நம் ஊரில் அதன் பெயரை எடுத்தால் பேச்சு வேறெங்கோ போய்விடும், விடுங்கள்.

ஆகவே அடுத்த பீரியடில் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த மீன் கூடையை எல்லாரும் மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதட்டும், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு. இலக்கணம் கோணலாகத்தான் வரும், வரட்டும். நான்கைந்தைப் போர்டில் எழுதி வகுப்பே சேர்ந்து சரி பண்ணட்டும், அந்தச் சண்டை தமிழில் நடந்தால் நடக்கட்டும். தலைமையாசிரியர் மறுபடி கேட்டால் நோட்டைக் காட்டுங்கள்.

அந்தப் பின்பெஞ்சுக்காரி என்ன எழுதினாள் என்று எனக்கு அவசியம் எழுதுங்கள். வீட்டில் போய்ச் சொன்னாளா, அம்மை என்ன சொன்னார் என்பதையும்.