பாதி பாக்கெட் ஹாப்ஸை என்ன செய்வது? – கேள்வி பதில்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள், மிஞ்சிய பொருட்களை எப்படிப் பாதுகாப்பது என்று அனுப்பிய கேள்விகள் இவை. நானும் நிறையப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன், தைரியமாகக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, பாதி பாக்கெட் ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ, அரைத்து உருண்டையாக்கியது) வாய் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. போடலாமா?

மூக்கைத்தான் கேட்க வேண்டும். இரண்டு உருண்டையை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பாருங்கள். பழத்தோல், பிசின், பச்சைப்புல் என்று ஏதாவது நல்ல வாசம் வந்தால் போடலாம். நாள்பட்ட சீஸ் போலவோ துவைக்காத சாக்ஸ் போலவோ அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஹாப்ஸின் பிசின் காற்று பட்டுச் சிதையும்போது உண்டாகும் ஐசோவலெரிக் அமிலத்தின் வாடை அது.

வாசம் நன்றாக இருந்தாலும் கசப்பு கொஞ்சம் குறைந்திருக்கும். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் வெப்பத்திலும் காற்றிலும் கரைந்துகொண்டே போகும். எல்லா வகையும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. மேக்னம் நன்றாகத் தாங்கும், காஸ்கேட் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் பழைய காஸ்கேடை நம்பிக் கசப்புக் கணக்குப் போடாதீர்கள். இனி மிஞ்சுவதை வேக்யூம் சீல் செய்து ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் கதவு வேண்டவே வேண்டாம். திறக்கும்போதெல்லாம் முதலில் சூடேறுவது அந்த இடம்தான்.

கேள்வி: வேக்யூம் சீலர் இல்லாதவர்கள்?

வந்த ஃபாயில் பையிலேயே காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை மடித்து டேப் ஒட்டுங்கள். அதை அளவாகப் பிடிக்கும் சின்னக் கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடுங்கள். ஜாடி பெரிதானால் உள்ளே காற்றும் அதிகம். சாதாரண பிளாஸ்டிக் கவரை நம்ப வேண்டாம், அதன் வழியே ஆக்சிஜன் மெல்ல உள்ளே போய்விடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் மூடுவதற்கு முன் ஜாடிக்குள் கொஞ்சம் ஊதிவிடலாம்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு திறக்காதீர்கள். குளிர் விடட்டும். இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், மிச்சத்துக்கு அதுவே வினை.

கேள்வி: 25 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மூட்டை வாங்கப் போகிறேன். மாதம் ஒருமுறைதான் காய்ச்சுகிறேன். உடைத்தே வாங்கிவிடலாமா சார்?

கூடாது. முழு மால்ட் உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் ஒரு வருடம் வரை நன்றாக இருக்கும். உடைத்துவிட்டால் அந்தக் கணக்கு வாரங்களுக்கு இறங்கிவிடும். காய்ச்சும் அன்று காலையில் உடைப்பதே நல்லது. ஆனால் நொதிக்க வைக்கும் அறையில் உடைக்காதீர்கள். மால்ட் தூசியில் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா இருக்கும், பீரைப் புளிக்கவைத்துவிடும்.

மால்ட்டுக்கு முதல் எதிரி ஈரம். நாலைந்து மணியை வாயில் போட்டுக் கடியுங்கள். பொரி மாதிரி நொறுங்கினால் சரி. சவசவவென்று இருந்தால் நமத்துவிட்டது, அரைத்தாலும் சரியாக உடையாது, சுவையும் மந்தம். உணவுத்தர பிளாஸ்டிக் வாளி, ரப்பர் வளையம் வைத்த மூடி, இவ்வளவு போதும். வண்டு பயம் இருந்தால் வந்தவுடன் காற்றுப்புகாமல் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, குளிர் விட்டபின் வாளிக்கு மாற்றுங்கள். முட்டையும் செத்துவிடும்.

கேள்வி: உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றை உலர்த்திய பொடி) பாறையாக இறுகிவிட்டது. போச்சா?

போகவில்லை. ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டியிருக்கிறது, அவ்வளவுதான். எடை போட்டுச் சுடுநீரில் கரையுங்கள். (சுத்தியலை எடுத்தவர்களில் நானும் ஒருவன். தேவையில்லை.)

கவலைப்பட வேண்டியது திரவ எக்ஸ்ட்ராக்ட் பற்றித்தான். மூடிய டப்பாவிலேயே அது மெல்லக் கறுத்துக்கொண்டு போகும். பழையதை வெளிர்நிற பீரில் ஊற்றினால் நிறமும் கெடும், ஒரு பழைய சுவையும் ஒட்டிக்கொள்ளும். கருப்பு பீருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் யாரோ திரவ ஈஸ்ட் பையை ஃப்ரீசரில் வைத்துவிட்டார்கள். ஒரு இரவு முழுக்க.

ஐயோ. உள்ளே உருவாகும் பனித்துகள் செல்லைக் கிழித்துவிடும். எல்லாம் சாகாமலும் இருக்கலாம். சின்ன ஸ்டார்ட்டர் (கொஞ்சம் மால்ட் கரைசலில் ஈஸ்ட்டை வளர்ப்பது) போட்டுப் பாருங்கள், இரண்டு நாளில் நுரையோ குமிழியோ இல்லையென்றால் விட்டுவிடுங்கள். திரவ ஈஸ்ட்டுக்கு 4 டிகிரி வாக்கில் ஃப்ரிட்ஜ்தான் இடம். அங்கேயும் மாதத்துக்கு மாதம் உயிர்ச்செல் குறையும், ஆகவே தேதி தள்ளியதென்றால் ஸ்டார்ட்டர் கட்டாயம். உலர் ஈஸ்ட் பாக்கெட் ஃப்ரிட்ஜில் வருடக்கணக்கில் தாங்கும். திறந்துவிட்டால் சில நாள்தான். பாதி போட்டு மீதி வைக்கிற சிக்கனம் வேண்டாம்.

கேள்வி: பிரைமிங் சர்க்கரை (நுரை வருவதற்காக பாட்டிலில் அடைக்கும்போது சேர்ப்பது)?

ஈரமும் எறும்பும் அண்டாமல் இருந்தால் கெடவே கெடாது.

கேள்வி: நொதிகலன் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை எத்தனை நாள் வைக்கலாம்?

சுத்தமான ஜாடியில், ஃப்ரிட்ஜில், இரண்டு வாரம். அதற்கு மேல் போனால் ஸ்டார்ட்டர் போட்டு எழுப்பிப் பார்த்துத்தான். மூடியை மட்டும் தளர்வாக வையுங்கள். நான் ஒருமுறை இறுக்கித் திருகிவைத்தேன். மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜுக்குள் வெடித்தது. தயிர், காய்கறி, முட்டை எல்லாவற்றின் மேலும் ஈஸ்ட்.