மரத்துப்போவது

அன்புள்ள அக்கா,

என் பெயரை வெளியிட வேண்டாம். தருமபுரிப் பக்கம் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்து 7 வருடம் ஆகிறது, ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். வேலையில் பாதி குழந்தைத் திருமணங்களைத் தடுப்பதுதான். காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்தால் மற்றவர்களுக்குச் சந்தோஷம், எனக்கு வயிறு கலங்கும். ராத்திரி 11 மணிக்கு போன் வரும், விடியற்காலை நாலரைக்குக் கோயிலில் தாலி என்பார்கள்.

போன வருடம் 16 வயதுப் பெண் ஒருத்தியின் கல்யாணத்தை நிறுத்தினோம். பெற்றோர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள், குழந்தைகள் நலக் குழு அவளை வீட்டுக்கே அனுப்பியது. போன மாதம் அவளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கழுத்தில் தாலி, ஐந்தாறு மாத வயிறு. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்கு எதுவும் உறைப்பதில்லை. போன வாரம் ஒரு அம்மா என் முன்னால் உட்கார்ந்து அழுகிறார், நானோ ஆறேகால் பஸ்ஸை விட்டுவிடுவோமே என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டிய ரிப்போர்ட் 20க்கு மேல் பாக்கி. மன அழுத்தம் குறைய எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை, காலை 9 முதல் மாலை 5 வரை. சிரிக்காதீர்கள். நான் கெட்டவளாகிவிட்டேனா? வேலையை விட்டுவிடலாமா? இருப்பதென்றால் எப்படி ஒழுங்காகச் செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவது நம் துறைக்கே உரிய கருணை.

முதலில் அந்த பஸ் விஷயம். சுனாமி வந்த அடுத்த மாதங்களில், 2005 தொடக்கத்தில், நான் நாகப்பட்டினத்தில் தற்காலிகக் குடியிருப்புகளில் விவரம் எடுத்துக்கொண்டிருந்தேன். தார் ஷீட் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. ஒரு மீனவர், மகன் கையிலிருந்து எப்படி நழுவினான் என்று சொல்லிக்கொண்டே வந்து பேச முடியாமல் நிறுத்தினார். நான் படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல் "ரேஷன் கார்டு இருக்கா?" என்று கேட்டேன். அவர் இருக்கிறது என்று பதிலும் சொன்னார். அன்று ஒன்றும் தோன்றவில்லை, நாலு மாதம் கழித்து வீட்டில் சோற்றைப் பிசையும்போது அந்தக் கேள்வி காதில் விழுந்தது. அதனால் கெட்டவளா என்று என்னிடம் கேட்காதீர்கள். உங்களுடையது பஸ்தான், என்னுடையது ரேஷன் கார்டு.

பர்ன் அவுட் என்கிறார்கள். மனித சேவையில் இருப்பவர்களுக்கு வரும் இந்த நிலைக்கு 1974ல் அந்தச் சொல்லை வைத்துக் கட்டுரை எழுதியவர் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் பகலில் சொந்த வைத்தியம் பார்த்துவிட்டு ராத்திரியில் இலவச கிளினிக்கில் உழைத்தவர், தானே அதில் விழுந்து எழுந்தவர். உலக சுகாதார நிறுவனம் 2019ல் இதை நோயாகச் சேர்க்கவில்லை, வேலையிடத்தில் தீர்க்கப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தால் வருவது என்றே வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்வதெல்லாம் வீண் என்று படுவது என மூன்று அடையாளம் சொல்கிறார்கள். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. எனக்கென்னவோ மரத்துப்போவது என்ற நம் சொல்தான் இதற்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரே பக்கமாக உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், அதற்காகக் காலைக் கெட்ட கால் என்று யாரும் சொல்வதில்லை.

வேலையிடத்தில் வருவது என்பதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை கேஸ், எத்தனை தாலுகா, எத்தனை ராத்திரி என்று ஒரு தாளில் எண்ணி, தேதி போட்டு, மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் புலம்பல், எழுதிக் கொடுத்தால் ஃபைல். உடனே ஆள் போட்டுவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறுதிமொழி வாங்கி அனுப்பிய வீட்டுக்கு அடுத்த மாதமே யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும், போக ஆள் இல்லை என்பது உங்கள் மன உறுதிக் குறைவு இல்லை. அதை யோகாவால் சரிசெய்ய முடியாது.

சரி, உங்கள் கையில் இருப்பது என்ன?

ரிப்போர்ட் பாக்கிதான் உங்களைப் பாதி தின்கிறது என்று நினைக்கிறேன். எழுதாத கேஸ் மூடாத குழாய் மாதிரி, ராத்திரி முழுக்கச் சொட்டும். முழு ரிப்போர்ட்டை அன்றே எழுத வேண்டாம், யாராலும் முடியாது. ஆனால் பஸ்ஸிலாவது மூன்று வரி எழுதிவிடுங்கள்: என்ன பார்த்தேன், என்ன செய்தேன், அடுத்து யார் செய்ய வேண்டும். மூன்றாவது வரிதான் முக்கியம். 'அடுத்து யார்' என்ற இடத்தில் தொடர்ந்து உங்கள் பெயரே வந்தால் அந்த நோட்டை மேலதிகாரி மேஜையில் வையுங்கள். சமூகநல அலுவலர், ஸ்டேஷன், குழு, பள்ளித் தலைமையாசிரியர் என்று சட்டம் எத்தனையோ பேருக்குப் பிரித்துக் கொடுத்த வேலையை நாம்தான் நல்ல மனசால் ஒரே தலையில் ஏற்றிக்கொள்கிறோம். இருக்கிற 20ஐ ஒரே மூச்சில் முடிக்க உட்காராதீர்கள். குழுவில் தேதி நெருங்குவதை மட்டும் முதலில், தினம் ஒன்று, காலையில், வாட்ஸ்அப் குரூப்பைத் திறப்பதற்கு முன்னால்.

போன். சொந்த நம்பரை ஊர் ஊராகக் கொடுத்திருப்பீர்கள், நானும் கொடுத்தேன், பெருமையாகவே கொடுத்தேன். ராத்திரி ஒரு கூப்பிடு வந்தால் நான் தேவைப்படுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். குழந்தைகள் உதவி எண் 1098 இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கிறது. அங்கன்வாடி அக்காவிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் இனி அந்த நம்பரைக் கொடுங்கள். முகூர்த்த ராத்திரிகளுக்கு உங்களுக்குள் முறை போட்டுக்கொள்ளுங்கள், முறை இல்லாத ராத்திரியில் போன் ஹாலில் இருக்கட்டும்.

அடுத்தது பேசுவது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் குழந்தையின் அடையாளம் வெளியே போகக் கூடாது, போகவும் கூடாதுதான். ஆனால் அதைச் சொல்லியே நாம் மொத்தமாக வாயை மூடிக்கொள்கிறோம். வீட்டில் சொல்ல முடியாது, ஆபீஸில் நேரமில்லை. லண்டனில் 1953ல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் தற்கொலைத் தடுப்பு அமைப்பில், தன்னார்வலர் ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டதையெல்லாம் பொறுப்பாளர் ஒருவரிடம் இறக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற வழக்கம் உண்டு. உங்களுக்கு அப்படி ஒரு பொறுப்பாளர் இல்லையென்றால் பக்கத்து மாவட்டத்தில் இதே வேலை செய்யும் ஒருத்தியைப் பிடியுங்கள். வாரம் ஒரு நாள், அரை மணி நேரம். பெயர், ஊர் எதுவும் வேண்டாம், "எனக்கு என்ன ஆச்சு" என்பது மட்டும் போதும். எனக்கு ஒரு வியாழக்கிழமைத் தோழி இருந்தாள், டீக்கடை பெஞ்சில். அவள் ஆலோசனையே சொன்னதில்லை, அதுதான் அவளிடம் பிடித்தது.

அப்புறம் குளியல். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் நேராக உள்ளே வரக் கூடாது, கொல்லைப்புறம் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் பேச்சு. தீட்டு என்று அதற்குப் பெயர் வைத்ததில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அங்கிருந்து இங்கே வருவதற்கு நடுவில் ஒரு வாசல் வைத்தார்களே, அது பெரிய விஷயம். நாம் சாவு வீட்டை விடக் கனமான வீடுகளுக்குப் போய்விட்டு, செருப்பைக் கழற்றிய கையோடு குழம்பைச் சூடு பண்ணுகிறோம். வந்ததும் குளித்து உடை மாற்றுங்கள், அதுவரை பிள்ளைகூடக் காத்திருக்கலாம். மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுவதையும் நிறுத்துங்கள், அது தியாகம் இல்லை, வெறும் பட்டினி.

தூக்கம் வராமலோ அழுகை நிற்காமலோ, ஏன் அழுகையே வராமலோ வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பாருங்கள். 14416க்கு, அதுதான் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், போன் போட்டால் தமிழிலேயே பேசலாம், இலவசம். அடுத்தவர்களுக்கு அந்த நம்பரைக் கொடுத்துக் கொடுத்தே அது நமக்கும் உண்டு என்று மறந்திருப்போம்.

விடலாமா என்றால், விடலாம், தப்பில்லை. ஆனால் இருக்கிற விடுப்பை எடுக்காமல், ஒரு நாளும் நன்றாகத் தூங்காமல், இந்த மரத்த நிலையிலேயே முடிவு எடுக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பஸ் ஸ்டாண்டில் பார்த்ததை யாரிடமாவது சொன்னீர்களா? அவளுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்றால் அது நம் விருப்பத்தில் இல்லை, போக்சோவில் போலீஸிடம் தெரிவித்தே ஆக வேண்டும், கணவன் என்பது விலக்கு ஆகாது. உங்களுக்கு இது தெரியும். தெரிந்துதான் ஒரு மாதமாக மரத்துப்போயிருக்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம். சொன்னால் அவள் வாழ்க்கையை இரண்டாம் முறை கலைப்பதாகத் தோன்றும், சொல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் இருக்காது. இதைத் தனியாகச் சுமக்காதீர்கள், நாளைக்கே மேலதிகாரியிடம் எழுத்தில் சொல்லுங்கள். கூடவே இன்னொரு வரியும் எழுதுங்கள்: இந்த கேஸை இந்த முறை வேறொருவர் பார்க்கட்டும், பிரசவம் வரை அவளைத் தொடர்ந்து போய்ப் பார்க்கிற ஆளாக இருக்கட்டும். அவள் உங்களைப் பார்க்காத மாதிரி போனது கோபத்தில்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வெட்கமாகவும் இருந்திருக்கலாம், பக்கத்தில் மாமியார் நின்றிருக்கலாம்.