ஆற்றுக்கு விடும் தண்ணீர்

வணக்கம்.

அணைகள் ஆறுகளைக் கெடுக்கின்றன என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் இறுதியாண்டு சிவில் மாணவன். எங்கள் பேராசிரியர் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. கெடுதல் எல்லாம் பெரிய நீர்த்தேக்கங்களால்தான் வருகிறது. தேக்காமல் ஓட்டத்தை மட்டும் பயன்படுத்தும் சிறு நீர்மின் நிலையங்களால் ஆற்றுக்கு ஒன்றும் ஆகாது, எடுத்த தண்ணீரை அப்படியே திருப்பி விட்டுவிடுகிறார்களே என்கிறார். நிலக்கரியும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்றால் மின்சாரம் எங்கிருந்து வரும்? ஒரு திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் பேராசிரியர் சொல்வதில் பாதி சரி. அந்தக் கட்டுரையில் சிறு நிலையங்களை நான் இரண்டே வரியில் தாண்டிப் போயிருந்தேன். பெரிய அணை மட்டும்தான் வில்லன் என்று படித்தவர்களுக்குத் தோன்றியிருந்தால் தப்பு என்னுடையது.

எடுத்த தண்ணீரைத் திருப்பி விடுகிறார்கள் என்பது உண்மைதான். எங்கே எடுத்து எங்கே விடுகிறார்கள் என்று பாருங்கள். மலையாற்றின் குறுக்கே தாழ்வாக ஒரு தடுப்பு. அங்கிருந்து தண்ணீர் சுரங்கத்துக்குள் திரும்புகிறது. சில கிலோமீட்டர் மலைக்குள்ளேயே போய், செங்குத்தான குழாயில் இறங்கி, டர்பைனைச் சுற்றிவிட்டு, அப்புறம்தான் ஆற்றில் சேர்கிறது. இடைப்பட்ட தூரத்தில் வெளுத்த பாறைகளும், அவற்றுக்கு நடுவே வெதுவெதுப்பாகத் தேங்கிய குட்டைகளும்தான் மிச்சம். தண்ணீர் வெளியே வந்த இடத்துக்குச் சற்றுக் கீழேயே அடுத்த நிலையத்தின் தடுப்பு இருந்தால், ஆறு ஒரு சுரங்கத்திலிருந்து தலைநீட்டி உடனே இன்னொன்றுக்குள் போய்விடும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சிறு நிலையங்கள். வரிசையாக நடந்து பார்த்தால் ஆற்றைக் காணோம்.

நடுவில் கொஞ்சம் தண்ணீர் விட்டால்தான் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் பாடம்தானே. நொடிக்கு 1 கன மீட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால், இழப்பெல்லாம் போக ஏறக்குறைய 0.9 மெகாவாட். ஆற்றுக்கு விடும் ஒவ்வொரு கன மீட்டரும் நிலையத்தின் கணக்கில் நஷ்டம். ஆற்றில் ஓடுவதே கொஞ்சம் என்கிற வறண்ட மாதங்களில் கை இன்னும் இறுகும்.

அளவைத் தாண்டி நேரம் என்று ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையில், மின்தேவைக்கு ஏற்பப் பகலில் கூட்டியும் இரவில் குறைத்தும் தண்ணீர் விடுவார்கள். கீழே ஆற்றின் மட்டம் தினமும் ஏறி இறங்கும். ஆற்றுப் பூச்சிகள் பல, விளிம்பை ஒட்டித் தண்ணீருக்குச் சற்றுக் கீழே கல்லில் முட்டைகளை ஒட்டிவைக்கும். சில மணி நேரத்தில் மட்டம் இறங்கினால் கல் வெளியே தெரியும், முட்டை காய்ந்துவிடும். பூச்சி குறைந்தால் அதைத் தின்னும் மீனும் குறையும். 2018-இல் ஒரு சோதனை செய்தார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை, வார இறுதி நாட்களில் மட்டும் மட்டத்தைத் தாழ்வாக, ஆடாமல் வைத்தார்கள். அந்த மட்டத்தில் ஒட்டிய முட்டை வார நாட்களில் தண்ணீருக்கு மேலே வராது. வார இறுதியில் மின்தேவையும் குறைவுதான், பெரிய இழப்பில்லை. அணையை இடிக்கவில்லை, ஒரு செங்கல்லைக்கூட மாற்றவில்லை. தண்ணீர் விடும் அட்டவணையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நிலக்கரி பற்றிய உங்கள் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. வெயில் சாயும் நேரத்தில் சூரிய மின்சாரம் இறங்கும்போது, சில நிமிடங்களில் அந்த இடத்தை நிரப்ப நீர்மின் நிலையத்தால் முடியும். அந்தத் திறமைக்காகவே அது வேண்டும். அதே திறமைதான் முட்டையையும் காயவைக்கிறது. ஆகவே வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் ஒற்றை வார்த்தை கேட்காதீர்கள்.

பெரிது, சிறிது என்ற பிரிப்பும் எனக்கு உதவுவதில்லை. பிரேசிலின் பல்பினா அணை 250 மெகாவாட்டுக்காக 2,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் காட்டை மூழ்கடித்தது. பிரேசில்-பராகுவே எல்லையில் உள்ள இட்டைப்பு அணை சுமார் 1,350 சதுர கிலோமீட்டரில் 14,000 மெகாவாட் திறன் கொண்டது. (அதற்காக இட்டைப்பு நல்ல பிள்ளை என்று சொல்லவில்லை. குவைரா அருவி 1982-இல் அதற்குள்தான் மூழ்கியது.) பல்பினாவில் நிலம் தட்டை, தண்ணீர் மெல்லிசாகப் பரவியது. மூழ்கிய இலைதழைகள் ஆக்சிஜன் இல்லாமல் அழுகி, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை விடுகின்றன. இடம் தப்பு.

இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் முழுப் படுகையையும், அதாவது ஆறும் அதன் கிளைகளும் நீர் திரட்டும் நிலப்பரப்பு முழுவதையும், ஒரே மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அறிக்கை, தனி அனுமதி என்று போனால் இது நடக்காது. நடந்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பெனாப்ஸ்காட் ஆறு. கடலிலிருந்து மீன் ஏறிவரும் வழியில் நின்ற இரண்டு அணைகளை 2012-இலும் 2013-இலும் அகற்றினார்கள். மூன்றாவதைச் சுற்றி மீன் போக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். போன மின்சாரத்தை அதே படுகையின் வேறு அணைகளில் உற்பத்தியைக் கூட்டி ஈடுகட்டினார்கள். மின்சாரம் குறையவில்லை, ஆற்று ஹெர்ரிங் மீன்கள் லட்சக்கணக்கில் மேலே ஏறின.

சரி, அறிக்கையில் எதைப் பார்ப்பது? முன்னுரையையும் மரம் நடும் படங்களையும் விட்டுவிடுங்கள். ஆற்றுக்கு எவ்வளவு விடப்போகிறார்கள் என்ற பக்கத்துக்கு நேராகப் போங்கள். சில அறிக்கைகளில் ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் என்று இருக்கும். இதற்கு அடிப்படை அமெரிக்க நீர்வாழ் உயிரியலாளர் டென்னன்ட் 1976-இல் வெளியிட்ட கட்டுரை. அதில் 10 சதவீதம் என்பது பெரும்பாலான நீர்வாழ் உயிர்கள் கொஞ்ச காலம் செத்துப்போகாமல் இருப்பதற்கான அளவு. நன்றாக வாழ அவர் சொன்னது 30 சதவீதம். பத்து மட்டும் ஊரெல்லாம் பரவியது, முப்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

அப்புறம், மிக வறண்ட மாதத்தில் ஒரு நாளின் 24 மணி நேரத்துக்கும் தடுப்புக்குக் கீழே எவ்வளவு ஓடும் என்ற அட்டவணை இருக்கிறதா என்று தேடுங்கள். ஆண்டுச் சராசரி மட்டும்தான் கிடைத்தால், அறிக்கையோடு பேராசிரியரிடமே போய்க் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.